மேட்டூர்க் கணக்கை மக்கள் முன் வையுங்கள்!

2024ஆம் வருஷம் ஜூன் 12ஆம் தேதி. குறுவைக்காக டெல்டா விவசாயிகள் வருஷந்தோறும் எதிர்பார்க்கும் நாள். அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே கிடந்தது. அதே வருஷம் ஜூலை 30ஆம் தேதி அதே அணை 120 அடியை எட்டி நிரம்பியது. 16 கண் மதகு வழியாக உபரி நீர் பொங்கிப் பாய்ந்தது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே இருந்தது ஏழே வாரம்!

அதற்கு முந்திய 2023ஆம் வருஷத்தில் நடந்தது நேர் எதிரானது. குறித்த ஜூன் 12ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது, மலர் தூவினார்கள், படம் பிடித்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி மதகை அடைக்க வேண்டி வந்தது. டெல்டாவில் பயிர் கருகியது.

மழை நம் கையில் இல்லை என்று சொல்லிக் கைவிரிப்பது சுலபம். மழை நம் கையில் இல்லை என்பது உண்மையும்கூட. ஆனால் வந்த தண்ணீரை எவ்வளவு நிறுத்துவது, எப்போது திறப்பது, எந்த நேரத்தில் மின்சாரம் எடுப்பது, எந்த ஏரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் வானம் போடும் உத்தரவுகள் அல்ல. மனிதர்கள் போடும் உத்தரவுகள். எந்தக் கணக்கை வைத்து அவர்கள் அதைப் போடுகிறார்கள்? அந்தக் கணக்கை ஓமலூர் விவசாயியோ, பள்ளிபாளையம் நெசவாளியோ, பரமத்தி வேலூர் வெற்றிலைக்கொடிக்கால் தொழிலாளியோ ஒருமுறையாவது பார்த்ததுண்டா? 

இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சேலம் கொடுத்ததும் பெற்றதும்

மேட்டூர் அணை வெள்ளைக்காரன் கட்டியது. கர்னல் எல்லிஸ் திட்டம் வகுத்தார். சென்னைக்கும் மைசூருக்கும் 1924இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21ஆம் தேதி அணை திறக்கப்பட்டது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கல்லுடைத்தவர்களின் பெயரும் சுண்ணாம்பு சுமந்தவர்களின் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த நீர்த்தேக்கத்துக்காகச் சேலம், கோவை ஜில்லாக்களின் கிராமங்கள் மூழ்கின. இன்றும் கோடையில் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும், பழைய மாதா கோயிலின் கோபுரமும் தலை நீட்டுகின்றன. ஊர் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்கப் போகிறார்கள்.

இந்த அணையின் தண்ணீரை நம்பி டெல்டாவில் சுமார் 16 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அணை நிற்கும் ஜில்லாவுக்குக் கிடைத்தது என்ன? முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து சேலம், நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. கிழக்குக் கரையில் 27,000 ஏக்கர். மேற்குக் கரையில் 18,000 ஏக்கர். அவ்வளவுதான்.

டெல்டா மீது பொறாமை கொண்டு இதைச் சொல்லவில்லை. தஞ்சையின் நெல் நாட்டின் சோறு. அங்கே நடவு நடும் கூலித் தொழிலாளியும் இங்கே மரவள்ளி தோண்டும் கூலித் தொழிலாளியும் ஒரே வர்க்கம். ஆனால் சேலம் சமவெளியின் கதையை உள்ளபடி சொல்லாமல் அதன் கஷ்டத்துக்கு வழி காண முடியாது. மேட்டூர் சேலத்துக்குப் பெருமளவில் கொடுத்தது தண்ணீர் அல்ல, மின்சாரம்.

கவலை போய் போர் வந்தது

1937 முதல் மேட்டூர் அணையடியில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. 1932இல் உற்பத்தியைத் தொடங்கிவிட்ட பைகாராவுடன் அது இணைக்கப்பட்டது. முதலில் ஆலைகளுக்குப் போன கம்பி, நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கிராமங்களுக்கும் வந்தது. இந்தியாவிலேயே பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்ததில் அன்றைய சென்னை ராஜ்யம் முன்னணியில் நின்றது.

அதற்கு முன்பு இங்கே கவலை இறைத்தார்கள். ஒரு ஜோடி மாடு, தோல் பறி, வடம், ஓர் ஆள். விடியற்காலையில் பூட்டினால் பொழுது சாயும்வரை இறைப்பு. மாட்டின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே இறைக்கும் தண்ணீருக்கும் ஓர் எல்லை இருந்தது. பெய்த மழை கிணற்றில் ஊறும். ஊறியதை மாடு இறைக்கும்.

மோட்டார் வந்ததும் அந்த எல்லை உடைந்தது. மனிதனின் முதுகெலும்பும் மாட்டின் கழுத்தும் தப்பின. அது முன்னேற்றம்தான், அதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் விவசாயிகள் எழுந்தபோது பெத்தநாயக்கன்பாளையத்தில் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பம்பு செட்டு மின்சாரம் இந்த ஜில்லாவில் ரத்தம் சிந்தி நிலைநாட்டிய உரிமை. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது அந்தப் போராட்டங்களின் பயன்.

ஆனால் அதன் கூடவே நடந்திருக்க வேண்டிய காரியம் நடக்கவில்லை. மேலே இறைத்த தண்ணீருக்கு ஈடாகக் கீழே தண்ணீர் இறக்க வேண்டும். ஏரிகளைத் தூர் வார வேண்டும்; வரத்து வாய்க்கால்களைக் காக்க வேண்டும். சர்க்கார் கம்பம் நட்டது, ஏரியை மறந்தது. சேலம் நகரத்துக்குள் பல ஏரிகள் மனைகளாகவும் கட்டடங்களாகவும் மாறின. சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு சாக்கடையாயிற்று. சரபங்கா மழைக்கு மட்டும் ஓடும் ஓடையாயிற்று.

கிணறு வற்றியது. கிணற்றுக்குள் போர் போட்டார்கள். அதுவும் வற்றியது. 500 அடி, 800 அடி, 1000 அடி என்று துளை இறங்கியது. திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. அந்த ஊரைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளோ போர் போட வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் பல ஒன்றியங்களை, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது.

பார்த்தீர்களா? மேட்டூரின் தண்ணீர் கிழக்கே போயிற்று. மேட்டூரின் மின்சாரம் சேலத்து மண்ணின் அடியிலிருந்த தண்ணீரை மேலே கொண்டுவந்து தீர்த்தது. ஆற்று நீர், மின்சாரம், நிலத்தடி நீர் மூன்றும் ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள். ஆனால் சர்க்காரின் ஏடுகளில் அவை மூன்றும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள்.

தண்ணீர் ஒன்று, ஏடு நான்கு

மேட்டூருக்குக் கீழே காவிரி இன்று ஒரு படிக்கட்டு. அணை மின் நிலையம் 50 மெகாவாட். சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். அதன் பிறகு செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள். பவானி கூடலுக்குக் கீழே சமயசங்கிலி, ஓடப்பள்ளி, வெண்டிபாளையம் என்று இன்னும் மூன்று. ஒவ்வொரு கதவணையிலும் 30 மெகாவாட். எல்லாம் சேர்ந்து 460 மெகாவாட். தமிழ்நாட்டு நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றுத் துண்டில் இருக்கிறது. மேட்டூரில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வெண்டிபாளையம் தாண்டுவதற்குள் எட்டு முறை சக்கரம் சுற்ற முடியும்.

இதில் விஞ்ஞானம் எளிது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது மின்சாரம். ஒரு டி.எம்.சி. தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை லட்சம் யூனிட் எடுக்கலாம். தண்ணீர் செலவாவதில்லை, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாசனத்துக்குப் போகிறது. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை, சாம்பல் இல்லை. இதைவிட நல்ல மின்சாரம் உண்டா?

தண்ணீர் செலவாவதில்லை, ஆனால் நேரம் செலவாகிறது. சண்டை அங்கேதான் பிறக்கிறது. மின்சாரத்துக்கு அதிகத் தேவை மாலையில் விளக்கேற்றும் நேரத்தில். பயிருக்குத் தேவை இரவு பகல் எந்நேரமும் ஒரே சீரான ஓட்டம். கதவணையில் பகலெல்லாம் தேக்கி மாலையில் திறந்தால் மின் நிலையத்துக்கு லாபம். ஆனால் கீழே ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறாது. குடிநீர்க் கிணறு மூச்சு வாங்கும். பரிசல்காரருக்கும் மீனவருக்கும் ஆறு எப்போது பெருகும், எப்போது வற்றும் என்று தெரியாது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே கதவணைத் தண்ணீரில் படகு ஓடுகிறது. பராமரிப்புக்காகத் தண்ணீரை வெளியேற்றும்போது படகு நிற்கிறது. அக்கரை வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில் சாயக்கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து ஆகாயத்தாமரை மண்டுகிறது. அதே தண்ணீரைத்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன.

ஜேடர்பாளையத்தில் அல்லாள இளைய நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், ராஜ வாய்க்கால் வெட்டினார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மேடு பள்ளம் பார்த்து வெட்டிய அந்த வாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைக்கும் வெற்றிலைக்கும் இன்றும் தண்ணீர் கொண்டுபோகிறது. ஆற்றின் ஓட்டம் சீராக இருக்கும் என்ற நம்பிக்கையில் வெட்டிய வாய்க்கால் அது. இன்று அந்த ஓட்டத்துக்குப் பொறுப்பு யார்?

அணை நீர்வளத் துறையிடம். மின் நிலையம் மின்சாரக் கழகத்திடம். குடிநீர் வடிகால் வாரியத்திடம் குடிநீர்த் திட்டங்கள். நிலத்தடி நீரின் புள்ளிவிவரம் வேறு அலுவலகங்களில். 2024இல் மின்சாரத் துறையையும் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மூன்று கழகங்களாகப் பிரித்தார்கள். தண்ணீர் ஒன்று, ஏடு நான்கு. ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு பூட்டு. சாவி மட்டும் மக்களிடம் இல்லை!

விஞ்ஞானம் யாருக்கு உத்தரவுக் கட்டுப்படும்?

நதியின் முழுக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, கணித மாதிரி மூலம் அணையை இயக்கும் முறை இன்று உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. பெயரைக் கேட்டு விவசாயி மிரள வேண்டியதில்லை. குடியானவர் வீட்டு வரவு செலவைப் போன்றதுதான் அது. வரவு: குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை, கபினி, கிருஷ்ணராஜ சாகர் முதலிய அணைகளின் இருப்பு, பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் வரத்து. செலவு: பாசனம், குடிநீர், அனல் மின் நிலையம், ஆலைகள், வெயிலில் ஆவியாகும் நீர். இன்று மதகை இவ்வளவு திறந்தால், அடுத்த மாதம் மழை பொய்த்தால், தை மாதம் என்ன மிஞ்சும்? தொண்ணூறு வருஷ அனுபவத்தை வைத்து இப்படி நூறு விதமாகக் கணக்குப் போட்டு, எதில் ஆபத்து குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நல்ல கருவி. ஆனால் கருவியிடம் என்ன கேட்கிறோமோ அதற்குத்தான் அது விடை சொல்லும். "அதிக யூனிட் எடு" என்று கேட்டால் ஒரு விடை. "கடைமடைக்கு ஒரு முறையும் தவறாமல் தண்ணீர் கொடு" என்று கேட்டால் வேறு விடை. "கரையோரக் குடிசையில் வெள்ளம் புகக் கூடாது" என்று கேட்டால் இன்னொரு விடை. கருவிக்கு வர்க்கம் கிடையாது. அதற்குக் கேள்வி போடுகிறவனுக்கு உண்டு.

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. 1920இல், பசியும் குளிரும் சூழ்ந்த நாட்களில், லெனின் சுமார் இருநூறு விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் கூட்டி ரஷ்யா முழுவதற்கும் மின்சாரத் திட்டம் வகுக்கச் செய்தார். நம் நாட்டில் விஞ்ஞானி மேக்நாத் சாஹா, நதியை முழு நதியாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்று வாதாடினார். இடதுசாரிகளின் ஆதரவோடு 1952இல் பார்லிமெண்டுக்கும் சென்றார். 1943இன் தாமோதர் வெள்ளத்துக்குப் பிறகு எழுந்த அந்தக் கோரிக்கையின் பலனாக 1948இல் தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பொரேஷன் பிறந்தது. அங்கும் ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. வெள்ளத்தைத் தடுக்க அணை காலியாக இருக்க வேண்டும். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நிறைந்திருக்க வேண்டும். யாருடைய தேவைக்கு முதலிடம் என்பதை எந்தப் பொறியியல் சூத்திரமும் தீர்த்து வைக்காது. அது அரசியல் கேள்வி.

நாம் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பருத்திக்காக அமு தாரியா, சீர் தாரியா நதிகளைத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றியது சோவியத் நாட்டிலேதான். திட்டம் மேலிருந்து மட்டும் வந்தால், நதியோரத்து மக்களின் சொல் கணக்கில் ஏறாவிட்டால், செங்கொடியின் கீழும் தவறு நேரும். ஆகவே நாம் கேட்பது வெறும் திட்டம் அல்ல. மக்கள் பார்க்கக்கூடிய, மக்கள் திருத்தக்கூடிய திட்டம்.

உபரி நீரின் கதை

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. நெசவாளர் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கின. ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2022இலும் கரையோர மக்கள் மூட்டை கட்டினார்கள்.

வினாடிக்கு 2 லட்சம் கனஅடி என்றால் ஒரு நாளைக்கு 17 டி.எம்.சி. இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேட்டூர் உபரி நீரைத் திப்பம்பட்டியில் பம்பு வைத்து ஏற்றிச் சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டு, அதன் முதற்கட்டம் 2021இல் திறக்கப்பட்டது. அந்த 100 ஏரிகளுக்கும் கேட்கும் தண்ணீர் அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். வெள்ள நாளில் ஒரு மணி நேரத்தில் ஆற்றில் ஓடிவிடும் தண்ணீர்!

திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் கேள்வி கேட்கிறோம். சேலத்து ஏரிகள் அணையைவிட மேட்டில் இருக்கின்றன. தண்ணீரை ஏற்ற வேண்டும். ஒரு டி.எம்.சி.யை 10 மீட்டர் இறக்கினால் ஆறரை லட்சம் யூனிட் கிடைக்கும் என்றோம். அதே தண்ணீரை அதே உயரம் ஏற்றச் சுமார் பத்து லட்சம் யூனிட் வேண்டும். அணை நிரம்பி வழியும் நாட்களில்தான் மேட்டூர் மின் நிலையங்கள் முழு வேகத்தில் ஓடுகின்றன. அவை வாங்கக்கூடியது இருபதாயிரம் கனஅடிக்குச் சற்று மேல். மிஞ்சியது 16 கண் மதகில் சக்கரம் சுற்றாமலே போகிறது. அந்த நாட்களின் மின்சாரத்தைக் கொண்டு அந்த நாட்களின் உபரியை ஏற்றினால் ஒரு கை மற்றொரு கைக்கு உதவும். ஆனால் வழிந்த பிறகு யோசித்தால் போதாது. கபினி நிரம்பப் போகிறது என்று தெரிந்த அன்றே, மேட்டூர் நிரம்புமுன்பே, பம்பு ஓட வேண்டும். முன்கூட்டிப் பார்க்கும் கணக்கு இங்கேதான் தேவை. சரபங்காவோடு நில்லாமல் திருமணிமுத்தாறு, அய்யாறு வரை இணைக்க வேண்டும் என்ற நாமக்கல் விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கையும் இந்தக் கணக்கில்தான் முடிவாக வேண்டும். தேர்தல் மேடையில் அல்ல.

அணையின் வயிற்றில் சேரும் மண்ணும் கணக்கில் வர வேண்டும். 1934இல் திறந்த அணையில் விவசாயிகள் வண்டல் எடுக்க முதன்முறையாக அனுமதி கிடைத்தது 2017இல். 83 வருஷம்! ஒரு குடத்தைக்கூட இத்தனை காலம் கழுவாமல் வைத்திருப்பார்களா?

நம் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை

சர்க்காரிடம் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நாம் எழுந்துபோய்விட முடியாது. நம் சங்கத்தில் இருக்கும் விவசாயிகளுக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவை எவ்வளவு தண்ணீர் இறைக்கின்றன என்பதற்குச் சரியான அளவு இல்லை. மீட்டர் என்றாலே விவசாயிக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் நியாயமானது. இன்று மீட்டர், நாளை பில், நாளன்று பியூஸ் பிடுங்கல் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். 2020இல் டெல்லி எல்லையில் திரண்ட விவசாயிகள் மின்சாரத் திருத்த மசோதாவையும் எதிர்த்தார்கள், நாமும் எதிர்த்தோம், இனியும் எதிர்ப்போம்.

ஆனால் கணக்கு வேறு, கட்டணம் வேறு. கணக்கே வேண்டாம் என்றால் யாருக்கு லாபம்? 1000 அடி துளை போட வசதியுள்ள பணக்காரருக்கு லாபம்; தண்ணீரை லாரியில் விற்கும் வியாபாரிக்கு லாபம். பக்கத்துத் தோட்டத்தில் ஆழமாகப் போர் இறங்கும்போது வற்றுவது ஏழையின் கிணறு. நிலத்தடி நீரில் சமத்துவம் இல்லை. ஆழம் பிடித்தவனுக்கே தண்ணீர். ஆகவே டிரான்ஸ்பார்மர் மட்டத்தில், ஊர் மட்டத்தில் அளவு எடுக்கட்டும். தனி ஆளுக்கு பில் இல்லை என்று சட்டம் எழுதட்டும். அந்த அளவை கிராம சபையில் வாசிக்கட்டும். இந்த வருஷம் நம் ஊர் மண்ணில் இறங்கியது இவ்வளவு, இறைத்தது இவ்வளவு என்று ஊருக்கே தெரியட்டும். அப்போது கரும்பா, சோளமா, மரவள்ளியா என்பதை ஊர் உட்கார்ந்து பேசும். குறைந்த தண்ணீர்ப் பயிருக்குக் கட்டுப்படியாகும் விலையைச் சர்க்கார் உத்தரவாதம் செய்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. வெறும் வயிற்றுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் போதிப்பது அயோக்கியத்தனம்.

எல்லைக்கு அப்பால்

மேட்டூர்க் கணக்கின் முதல் வரி கர்நாடகத்தில் எழுதப்படுகிறது. நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று நிர்ணயித்தது. அதே வருஷம் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஏற்பட்டது. நல்ல மழை ஆண்டில் ஆணையத்தின் நினைவு யாருக்கும் வருவதில்லை. 2023 போன்ற ஆண்டில் அதன் உத்தரவுகள் இழுபறியாகின்றன.

மண்டியாவின் கரும்பு விவசாயி நம் எதிரியல்ல. பற்றாக்குறையை இரு பக்கத்து விவசாயிகளும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளக் கணக்கு உண்டு. அதை மறைத்துத் தேர்தல் லாபத்துக்காகப் பகை மூட்டும் அரசியல்வாதிகள்தான் இரு பக்கத்துக்கும் எதிரி. மேக்கேதாட்டுவில் 67 டி.எம்.சி. அணையும் 400 மெகாவாட் மின்சாரமும் என்று கர்நாடக சர்க்கார் திட்டம் வைத்திருக்கிறது. கீழ்ப்பகுதி மக்களின் சம்மதமில்லாமல் மேலே இன்னொரு மதகு கூடாது என்பது நம் உறுதியான நிலை. மேலே ஒவ்வொரு அணையிலும் மணிக்கு மணி என்ன இருப்பு, என்ன வெளியேற்றம் என்பது இரு ராஜ்ய மக்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் பாதிச் சண்டை அன்றே தீரும்.

இந்த நிலையில் இன்னோர் ஆபத்து வாசலில் நிற்கிறது. 2024இல் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட நீரேற்று மின்திட்டக் கொள்கையும் சிறு நீர்மின் திட்டக் கொள்கையும் தனியாருக்குக் கதவு திறக்கின்றன. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பெருகும் காலத்தில், தண்ணீரை மேலேற்றி வைத்து வேண்டியபோது இறக்கும் திட்டங்கள் அவசியம்தான். ஆனால் மாலை நேரத்து யூனிட்டுக்குச் சந்தையில் அதிக விலை. லாபம் தேடும் முதலாளி கையில் மதகின் சாவி போனால், எந்த நேரத்தில் ஆறு ஓட வேண்டும் என்பதை மின்சாரச் சந்தை தீர்மானிக்கும். பொதுப் பணத்தில், தொழிலாளர் உழைப்பில், மூழ்கிய கிராமங்களின் கண்ணீரில் எழுந்த அணையை அதற்காகக் கட்டவில்லை.

நம் கோரிக்கைகள்

1. மேட்டூரின் வரத்து, இருப்பு, மதகுவாரியாக வெளியேற்றம், மின் உற்பத்தி, ஆவி நட்டம் எல்லாம் அடங்கிய ஒரே தினசரிக் கணக்கைத் தமிழில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும். அணையை இயக்கும் கணித மாதிரியையும் விதிகளையும் வெளியிட வேண்டும்.

2. மேட்டூர் முதல் ஜேடர்பாளையம் வரை ஆற்றை இயக்க ஒரே குழு அமைக்க வேண்டும். அதில் அதிகாரிகளோடு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், மீனவர்கள், மின் ஊழியர்கள், கரையோர ஊர்களின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000ஆம் வருஷச் சட்டப்படி சங்கத் தேர்தல்களை ஒழுங்காக நடத்தி, அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும்.

3. கதவணைகளுக்குக் கீழே எந்த மணியிலும் குறையக் கூடாத ஓட்டத்தை நிர்ணயிக்க வேண்டும். திறக்குமுன் கரையோரம் முழுவதும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். சாயக்கழிவும் சாக்கடையும் ஆற்றில் கலப்பதை நிறுத்த வேண்டும்.

4. மழைக் கணிப்பைக் கொண்டு முன்கூட்டியே உபரியை ஏரிகளுக்கு ஏற்ற வேண்டும். திருமணிமுத்தாறு இணைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏரி ஆக்கிரமிப்பைப் பெரிய புள்ளிகளிடமிருந்து அகற்றத் தொடங்க வேண்டும். குடிசைவாசிக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே அவரை எழுப்ப வேண்டும்.

5. இலவச மின்சாரத்தில் கைவைக்கக் கூடாது. ஊர்வாரி நிலத்தடி நீர்க் கணக்கை கிராம சபையில் வைக்க வேண்டும். குறைந்த தண்ணீர்ப் பயிர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும்.

6. ஆற்றோடு சம்பந்தப்பட்ட எந்த மின் நிலையத்தையும் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது.

இவை எதுவும் கனவல்ல. கருவி இருக்கிறது; பொறியாளர்கள் இருக்கிறார்கள்; அணையடியில் இரவு பகலாக நிற்கும் மின் ஊழியருக்கு ஆற்றின் நாடி தெரியும். கடைமடை விவசாயிக்குத் தன் வாய்க்காலில் தண்ணீர் எந்த மணிக்கு வந்து எந்த மணிக்கு நின்றது என்பது விரல் நுனியில். இவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும்.

வருகிற மே தினத்தில் கிராம சபைகள் கூடும்போது, காவிரிக் கரையிலும் சரபங்கா, திருமணிமுத்தாற்றுக் கரைகளிலும் உள்ள ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் ஒரு தீர்மானத்தை முன்மொழிய வேண்டும்: "மேட்டூர்க் கணக்கை எங்கள் முன் வையுங்கள்!" கட்சி பேதம் பாராமல் எல்லா விவசாயிகளையும் நெசவாளிகளையும் அதில் கையெழுத்திடச் செய்ய வேண்டும். அதுவரை ஒவ்வொரு கிளையும் தன் ஊர் ஏரியின் கொள்ளளவு, வரத்து வாய்க்கால், வற்றிய கிணறுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். சர்க்காரின் கணக்கு வெளியே வரும் அன்று, ஒப்பிட்டுப் பார்க்க நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.